மணிக்கட்டில் போட்ட ஊசி: 18 மாதங்களின் பின் ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி மாவட்டத்தின் தருமபுரத்தில், நாங்கள் மீள்குடியேறிய 2010ஆம் ஆண்டிலிருந்து தையல் வேலை செய்து வருகிறேன். புதிய வகுப்புகள் தொடங்குவதற்கு முந்திய வாரங்களில், அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சீருடைத் துணியை நாளொன்றுக்குப் பத்து உருப்படி வரையில் வெட்டித் தைத்திருக்கிறேன். அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்த வலக்கை 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் விறைக்கத் தொடங்கியது. இரவு இரண்டு மணியளவில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் குத்தி உளைந்து என்னை எழுப்பிவிடும். எழுந்திருந்து கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் சற்று அடங்கும். மீண்டும் படுத்தால் விடிவதற்குள் இன்னொரு முறை எழும்ப வேண்டியிருக்கும். ஐந்தாறு மாதத்தில் இடக்கையிலும் அதே விறைப்பு, சற்றுக் குறைவாக, வந்து சேர்ந்தது. இதற்குக் கார்ப்பல் டனல் சின்ட்ரோம் என்று பெயர் என்பதை அறிந்தபோது, சத்திரசிகிச்சை இல்லாமல் மருந்தாலேயே மாற்றிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணமாக இருந்தது. கையைக் கட்டிப்போட்டு இருந்தால் வீட்டில் அடுப்பெரியாது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு அந்த எண்ணம் ஏன் வருகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த முயற்சியில் நான் எடுத்த குளிசைகள், கட்டிய பட்டி, போட்ட ஊசி ஆகியவற்றை, இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் எந்த மருந்து எதற்கு உதவும் என்பது அதிலேதான் தங்கியிருக்கிறது. மணிக்கட்டின் உட்புறத்தில், சிறிய எலும்புகள் கீழும் பக்கங்களிலும் அமைந்து, மேலே தடித்த நார்ப்பட்டை ஒன்று மூடிய ஒடுங்கிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் அந்த ஒரே பாதையால் உள்ளங்கைக்குள் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ வீங்கினாலோ எலும்பும் விலகாது, பட்டையும் இளகாது, நசிபடுவது நரம்புதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்புக்கு உரியது. சின்னவிரல் வேறொரு நரம்புக்கு உரியதாகையால் அது விறைப்பதில்லை. நித்திரையில் மணிக்கட்டை மடித்து வைத்திருக்கும்போது பாதை மேலும் ஒடுங்குவதால்தான் இரவில் துன்பம் கூடுகிறது. பெண்களிடம் இது அதிகம். சலரோகம், தைரொயிட் குறைபாடு, மூட்டுவாதம், கர்ப்பம், உடற்பருமன் ஆகியவையும் இதைக் கொண்டுவரும் அல்லது கூட்டும்.

இதில் எதையும் அறியாமல் நான் முதலில் போனது தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு. அங்கே என் கையைத் தொட்டுப் பார்க்காமலே நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, நோவுக் குளிசையும் பி விற்றமின் குளிசையும் எழுதித் தந்தார்கள். ஏழு மாதங்கள் அவற்றைத் தொடர்ந்து எடுத்தேன். நோவுக் குளிசை போட்ட இரவும் விறைப்பு எழுப்பியது, போடாத இரவும் எழுப்பியது. வயிற்றெரிவு மட்டும் புதிதாக வந்தது. தாதியாகப் படிக்கும் என் பெறாமகள் பிறகு இது பற்றிய ஆய்வுகளைத் தேடி எனக்கு வாசித்து விளக்கினாள். 1998ஆம் ஆண்டில் தைவானில் நடந்த ஓர் ஆய்வில், நோவுக் குளிசை, நீர்ப்போக்கிக் குளிசை, புரெட்னிசொலோன் என்ற, வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொயிட் குளிசை, மருந்தில்லாத வெற்றுக் குளிசை ஆகிய நான்கையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். வெற்றுக் குளிசையைவிடக் குணம் தந்தது ஸ்டீரொயிட் மட்டுமே. டைக்ளோபினாக் போன்ற நோவுக் குளிசைகள் இந்த நோயின் விறைப்பை மாற்றுவதில்லை என்பது வைத்தியர்களிடையே இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம். பி 6 விற்றமினும் சோதிக்கப்பட்டுப் பயனில்லை என்று காணப்பட்டது. அளவுக்கு மிஞ்சி நீண்டகாலம் எடுத்தால் அதுவே கைகால் விறைப்பை உண்டாக்கக்கூடியது. ஆகவே அந்த ஏழு மாதக் குளிசைகளை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவான பணத்தை ஒருவாறு மறந்துவிடலாம். நரம்பு நசிபட்டுக்கொண்டிருந்த ஏழு மாதங்கள் வீணானதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இடையில் முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவியதையும் சொல்லிவிடுகிறேன். உருவிய அன்று கை இதமாக இருந்தது. அன்றிரவே வழமைபோல எழும்பினேன். அவர் அக்கறையோடு செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் இந்த நோய் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் ஒன்றில் ஒரு பெண் வைத்தியரைக் கண்டபோதுதான் முதன்முறையாக முறையான பரிசோதனை நடந்தது. மணிக்கட்டின் நடுவில் விரலால் தட்டிப் பார்த்தார். இரு கைகளையும் மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். பெருவிரலை மேல்நோக்கி உயர்த்தச் சொல்லித் தன் விரலால் எதிர்த்து அழுத்தினார். பெருவிரலின் அடியிலுள்ள சதைமேட்டை இரு கைகளிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வலக்கையில் அது சற்று வற்றத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். பிறகு, மணிக்கட்டில் எப்போதாவது முறிவோ ஷெல் காயமோ பட்டதா என்று கேட்டார். எங்கள் பகுதியில் அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. பழைய முறிவு அந்தப் பாதையை ஒடுக்கியிருக்கலாம். நரம்பை நேரே தாக்கிய காயம் என்றால் அதற்கான வைத்தியமே வேறு. கழுத்திலிருந்து வரும் நரம்பு நசிபட்டாலும் இதே விரல்கள் விறைக்கும் என்பதால் கழுத்தையும் அசைத்துப் பார்த்தார். இரத்தத்தில் சீனியும் தைரொயிட்டும் சோதிக்க எழுதினார். தைரொயிட் சரியாக இருந்தது, சீனி எல்லைக்குச் சற்று மேலே இருந்தது. நரம்பு எவ்வளவு நன்றாகச் சைகையைக் கடத்துகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையை யாழ்ப்பாணத்தில் செய்வித்தபோது, வலக்கை நடுத்தரத்துக்கு மேற்பட்ட பாதிப்பு என்றும் இடக்கை இலேசான பாதிப்பு என்றும் முடிவு வந்தது. பின்னால் நடந்தவற்றை எல்லாம் அந்த வேறுபாடுதான் தீர்மானித்தது.

மருந்துக்கு முன்பாக அவர் கட்டச் சொன்னது பட்டியை. உள்ளே தகடு வைத்துத் தைத்த மணிக்கட்டுப் பட்டி; கையை மடங்கவும் விடாமல் பின்னே வளையவும் விடாமல் நேராக வைத்திருக்கும். வவுனியாவில் ஒரு பாமசியில் வாங்கினேன். கடையில் தருகிற பல பட்டிகளில் தகடு கையைப் பின்னே வளைத்து வைக்கும் வகையில் இருக்கிறது. அதை வெளியே எடுத்து நேராக்கி மீண்டும் செருக வேண்டும் என்று வைத்தியர் காட்டித் தந்திராவிட்டால் நான் அதைப் பிழையாகவே கட்டியிருப்பேன். வன்னிப் புழுக்கத்தில், மின்விசிறி நின்றுவிட்ட இரவில், அதைக் கட்டிக்கொண்டு படுப்பது இலகுவல்ல. வேர்வையில் தோல் கடித்தது. உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் உறை தைத்துப் போட்ட பிறகு பழகிவிட்டது. இரண்டு கிழமைகளில் இடக்கை பெருமளவு அடங்கியது. வலக்கை எழுப்பும் தடவைகள் குறைந்தன, நிற்கவில்லை. இவ்வளவு மலிவான, உடம்புக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு பொருளை முதல் நாளே யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்ற கவலை இன்னமும் உண்டு.

அடுத்தது ஸ்டீரொயிட் ஊசி. அதே மருந்தைக் குளிசையாகவும் கொடுக்கலாம். குளிசையின் குணம் நெடுநாள் நிலைப்பதில்லை, சீனியும் பிரெஷரும் வயிறும் அதனால் பாதிக்கப்படலாம் என்று வைத்தியர் விளக்கினார். 2001ஆம் ஆண்டில் ஹொங்கொங்கில் செய்த ஆய்வொன்றில், குளிசை எடுத்தவர்களைவிட ஊசி போட்டவர்களே மூன்று மாத முடிவில் நல்ல நிலையில் இருந்தார்கள் என்பதைப் பெறாமகள் பிறகு காட்டினாள். ஊசியில் மருந்து தேவைப்பட்ட இடத்திலேயே இறங்குகிறது. உடம்பு முழுவதும் சுற்றும் அளவு குறைவு. இரு கைகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டாம் என்று தீர்மானித்து, பங்குனியில் வலக்கைக்கும் சித்திரையில் இடக்கைக்கும் போட்டார். ஒவ்வொன்றும் 40 மில்லிகிராம் மெதில்புரெட்னிசொலோன், விறைப்பு மருந்தான லிக்னொகெயினுடன் கலந்தது.

போடும் முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் ஊசியை விட அதைப் பற்றிய பயமே பலரைத் தடுக்கிறது. பெருவிரலையும் சின்னவிரலையும் சேர்த்துப் பிடித்துக் கையைச் சிறிது மடக்கச் சொன்னார். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல ஒரு தசைநாண் எழும்பி நின்றது. அதற்குச் சின்னவிரல் பக்கமாக, மணிக்கட்டு மடிப்புக்கு அருகில் பேனையால் புள்ளி வைத்தார். மிக மெல்லிய ஊசி. ஏற்றும்போது என்னைப் பார்த்து, “விரலுக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருந்தா உடன சொல்லுங்கோ அம்மா, கையை மட்டும் இழுத்துப்போடாதேங்கோ” என்றார். நரம்புக்குள் ஊசி போய்விடக்கூடாது என்பதற்காக அப்படிக் கேட்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. அமுக்கம் போன்ற ஒரு நோவு, அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தைக் கேட்காமல் அவசரமாக ஊசியை ஏற்றுபவர் எவராயினும் அவரிடம் என் கையை நான் நீட்ட மாட்டேன்.

முதல் இரண்டு இரவும் நோவு கூடியது. இதுவும் முன்கூட்டியே சொல்லப்பட்டதால் பயப்படவில்லை. நான்காம் இரவு, ஏறக்குறைய ஒன்பது மாதங்களின் பின், விடியும்வரை நித்திரை கொண்டேன். விடியற்காலையில் கோவில் மணி கேட்டுக் கண்விழித்தபோது கையில் ஒன்றுமில்லை என்பதை உணரவே சில கணங்கள் எடுத்தன. அன்று அழுதுவிட்டேன். நித்திரையில்லாமல் மாதக்கணக்காக வாழ்ந்தவர்களுக்கு இந்த ஊசி தருவது என்ன என்பதை இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஊசி போட்ட பின் நான்கைந்து நாட்களுக்கு வெறுவயிற்றுச் சீனி வழமையைவிட உயர்ந்திருந்தது, பிறகு தானாக இறங்கியது. சலரோகம் உள்ளவர்கள் அந்த நாட்களில் சீனியைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் முன்னரே தங்கள் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது, வலக்கையில் ஊசி ஏறிய இடத்தில் நகமளவு தோல் வெளுத்தது. எங்கள் நிறத்தில் அது எடுப்பாகத் தெரிந்தது. கண்டவர்கள் எல்லாம் வெண்குட்டமோ என்று கேட்டார்கள். ஏழெட்டு மாதங்களில் நிறம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. தொற்று, தசைநாண் அறுதல், நரம்பில் காயம் ஆகியவை மிக அரிதானவை என்றாலும் நேரக்கூடியவை.

குணம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதே முக்கியமான கேள்வி. இங்கேதான் என் இரு கைகளும் இரு வழியில் போயின. இடக்கைக்கு அந்த ஒரே ஊசியுடன் சரி. இன்றுவரை, இரவில் பட்டி கட்டுவதோடு, விறைப்பு திரும்பவில்லை. வலக்கைக்கு ஒன்பது மாதங்கள் நன்றாக இருந்தது. 2024ஆம் ஆண்டு மார்கழியில், சீருடை வேலை உச்சமாக இருந்த கிழமையில், விறைப்பு மீண்டும் வந்தது. 2025ஆம் ஆண்டு மாசியில் போட்ட இரண்டாவது ஊசி பத்துக் கிழமைகளே தாங்கியது. மூன்றாவதைக் கேட்டபோது வைத்தியர் மறுத்துவிட்டார். ஊசிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால், நோவு அடங்கியிருக்கும் மறைவில் நரம்பு தேய்ந்துகொண்டே போகலாம் என்றார். “நோவு இல்லாமல் விறைப்பு மட்டும் எந்த நேரமும் இருந்தா, அதைச் சுகம் எண்டு நினைக்கக்கூடாது அம்மா” என்று அவர் சொன்னதை, இந்த நோய் உள்ள ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் அனுபவம் தனிப்பட்டதல்ல என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. சுவீடனில் 111 பேரைக் கொண்டு நடந்து 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், 80 மில்லிகிராம் ஊசி போட்டவர்களும் 40 மில்லிகிராம் போட்டவர்களும் பத்துக் கிழமைகளில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆனால் ஓராண்டு முடிவதற்குள் முறையே 73 வீதமானோரும் 81 வீதமானோரும் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார்கள். வெற்று ஊசி போட்டவர்களில் 92 வீதமானோர் போனார்கள். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பட்டி கட்டிப் பயன் காணாதவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இலேசானதும் நடுத்தரமானதுமான பாதிப்பு உள்ளவர்களைப் பற்றியது: ஆறு கிழமையில் இரவுப் பட்டியை விட ஊசி மேலாக இருந்தது, ஆறு மாதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கவில்லை. நெதர்லாந்தில் 934 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முதலில் சத்திரசிகிச்சையும் மற்றப் பிரிவினருக்கு முதலில் ஊசியும் கொடுத்த ஆய்வின் முடிவு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. 18 மாதங்களில் முதற் பிரிவினரில் 61 வீதமானோரும் இரண்டாம் பிரிவினரில் 45 வீதமானோரும் குணமடைந்திருந்தார்கள். இந்த 45 என்ற எண்ணைப் பெறாமகள் ஊசியின் தோல்வி என்று வாசித்தாள். தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் நான் அதை வேறுவிதமாக வாசிக்கிறேன். ஊசியில் தொடங்கி நூற்றில் 45 பேர் குணமாகிறார்கள் என்றால், அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு. ஆனால் மற்ற 55 பேரில் தான் ஒருவராக இருக்கலாம் என்பதையும் அந்த நாளிலேயே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஆனியில் வலக்கைக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கைக்கு மட்டும் விறைப்பூசி போட்டு, உள்ளங்கையில் சிறு வெட்டு வெட்டி, அந்த நார்ப்பட்டையைப் பிரித்துவிட்டார்கள். அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. அன்றே வீடு வந்தேன். அரசாங்க வைத்தியசாலை ஆதலால் போக்குவரத்தைத் தவிர வேறு செலவு இல்லை. இரவு விறைப்பு முதல் கிழமையிலேயே போய்விட்டது. ஆனால் உள்ளங்கையின் இரு ஓரமும் ஊன்றினால் நொந்தது, பிடிக்குப் பலமில்லை. ஆறு கிழமைகள் பெரிய கத்தரிக்கோலைத் தூக்கவே இல்லை. தங்கச்சி வந்து துணி வெட்டித் தந்தாள். வற்றிய சதைமேடு இன்னும் முழுமையாக நிரம்பவில்லை. அந்த ஏழு மாதங்கள் வீணாகாமல் இருந்திருந்தால் அது வற்றியே இராது என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் ஊசி வீணா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்றே சொல்வேன். இடக்கையை அது காப்பாற்றியிருக்கிறது. வலக்கைக்கு அது ஒன்பது மாத நித்திரையையும், வேலை குறைந்த பருவத்தில் வெட்டுக்குப் போகும் வசதியையும் தந்தது. விறைப்பு தொடங்கிச் சில மாதங்களே ஆனவர்களுக்கும், விட்டுவிட்டு விறைப்பவர்களுக்கும், பிள்ளை பிறந்தபின் விறைப்பு பெரும்பாலும் தானாக மாறிவிடக்கூடிய கர்ப்பிணிகளுக்கும் பட்டியும் ஊசியும் போதுமானவையாக இருக்கலாம். நாள் முழுவதும் விறைப்பு நீங்காதவர்களும், சட்டைப் பொத்தான் பூட்டத் தடுமாறுபவர்களும், சதைமேடு வற்றியவர்களும் மருந்தைச் சத்திரசிகிச்சைக்கு மாற்றாக எண்ணி நாளைக் கடத்தக்கூடாது.

எங்கள் ஒழுங்கையில் கச்சான் உடைக்கும் அக்கா ஒருவருக்கும், முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடங்கள் முழந்தாளிட்டு மண் கிளறிய ஒரு தங்கச்சிக்கும் இதே விறைப்பு இருக்கிறது. அக்கா மூன்று மாதமாகப் பாமசியில் கேட்டு வாங்கிய நோவுக் குளிசை போட்டுக்கொண்டிருந்தார்; நிற்பாட்டச் சொல்லி, என் பழைய பட்டியின் தகட்டை நேராக்கிக் கட்டிவிட்டேன். தங்கச்சிக்குப் பெருவிரல் பலமிழந்திருக்கிறது. அவரைப் பட்டியோடு விட எனக்கு மனம் வரவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு இருவரையும் நானே கூட்டிப்போகிறேன். கிளினிக் கொப்பியையும் சீனி ரிப்போட்டையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த விரல்கள் விறைக்கின்றன, இரவில் எத்தனை தரம் எழும்புகிறார்கள் என்பதை அவர்கள் ஒரு கிழமையாக எழுதி வருகிறார்கள்.